வீடு திரும்புவோம், அடுத்த மழைக்கும் ஆயத்தமாவோம்
(மீளக் குடியேறும் குடும்பங்களுக்கான சந்திப்பில் ஆற்றிய உரை)



பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும் உங்களுக்கு மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே இருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் வடிந்துவிட்டது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை வருடாவருடம் வரும்.

நமது வெள்ளம் நம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. இராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் கலா ஓயா பெருகும். இங்கினிமிட்டிய திறந்தால் மீ ஓயா. தெதுரு ஓயா நீர்த்தேக்கம் திறந்தால் சிலாபம் வரை தண்ணீர் வரும். உங்கள் முற்றம் காய்ந்திருந்தாலும், வான்கதவு திறக்கும் அறிவித்தல் வந்தால் உடனே ஆயத்தமாகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள்.

வீட்டுக்குப் போனதும் கவனிக்க வேண்டியவை:

• தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். நனைந்த வயரிங்கை மின்னியலாளர் பார்த்த பிறகே மின்சாரம் போடுங்கள்.

• கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் குளோரின் இடுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

• சேற்றில் வெறுங்காலுடன் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

• வளவில் வளர்ந்த பற்றையை வெட்டுங்கள், தீ வைக்காதீர்கள். எரிந்து வெறுமையான நிலத்தில் மழைநீர் ஊறுவது குறையும். சாம்பலையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு கிணற்றுக்கும் வாசலுக்கும் வரும். ஆற்றோரத்தில் வேர்களைப் பிடுங்கவே வேண்டாம்.

• வெற்று உரப்பைகளைச் சேர்த்து வையுங்கள். பாதிக்குச் சற்று மேல் மணல் நிரப்பி, வாயை மடித்து, செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வாசலில் அடுக்குங்கள். உட்பக்கத்தை விட வெளிப்பக்கம் பொலித்தீன் விரிப்பது நல்லது. இது கொஞ்சத் தண்ணீரைத்தான் தடுக்கும்; ஆறு பெருகினால் தடுக்காது.

ஒரு உம்மா என்னிடம் கேட்டார்: “சாமான்களை விட்டுட்டு எப்படி மகள் போறது?” நியாயமான கேள்வி. வெள்ளம் வந்த பிறகு யோசித்தால் அதற்குப் பதில் இல்லை. இன்றே யோசியுங்கள். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும். மற்றதை உயரத்தில் ஏற்றுங்கள். நடக்க முடியாத வாப்பாவை யார் தூக்குவது, பிள்ளைகளை யார் கூட்டிப்போவது என்பதைப் பக்கத்து வீட்டோடு பேசி முடிவெடுங்கள். உங்கள் கிராம அலுவலரிடமும் சொல்லிவையுங்கள்.

சாமான் போனால் தேடிக்கொள்ளலாம். நீங்கள் எல்லோரும் இருக்க வேண்டும்.