கடன் கேட்கும் முன் வாட்ஸ் கணக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் தையல் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியது)

 

இன்வெர்ட்டர் வாங்க உள்கடன் கேட்டு நாலு பேர் மனு கொடுத்திருக்காங்க. அதனால என்னைப் பேசச் சொன்னாங்க. நான் பெரிய படிப்பு படிச்சவ இல்லை. ஆனா இந்த விஷயத்தில் பணத்தை இழந்து பாடம் படிச்சவ.

2012-இல் இருந்த மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளில் பாதி நேரம் கரண்டு இருக்காது. தைக்க வந்த துணி அப்படியே கிடக்கும். குழுவில் கடன் வாங்கி, 24 தவணை போட்டு, இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினேன். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும்னு கடைக்காரர் சொன்னார். நான் சோம்பல்பட்டு குழாய்த் தண்ணியை ஊத்தினேன். அதில் இருந்த உப்பு பேட்டரியைக் கெடுத்திடுச்சு. ஒன்றரை வருஷத்தில் பேட்டரி செத்துப் போச்சு. தவணை மட்டும் இன்னும் ஆறு பாக்கி இருந்தது! செத்த பேட்டரிக்குத் தவணை கட்டின வேதனை எனக்குத்தான் தெரியும்.

அதனால சொல்றேன், கடன் கேட்கும் முன்னாடி கணக்குப் போடுங்க. கரண்டு இல்லாத நேரத்தில் எது எது ஓடணும்? என் வீட்டில் தையல் மிஷின் மோட்டார் 100 வாட்ஸ், ஃபேன் 75, இரண்டு எல்.இ.டி. பல்பு 20. மொத்தம் 195, சுமார் 200 வாட்ஸ். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெருக்கிப் பார்த்தா 1,800 வருது. அதைப் பாதிக்கு மேல் இறக்கினா ஆயுள் குறையும். பாதின்னா 900. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும். ஆக, நாலு மணி நேரம் தாங்கும். இதில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி போட்டா என்ன ஆகும்? இஸ்திரிப் பெட்டி ஒண்ணே 750 வாட்ஸ், 1,000 வாட்ஸ் இழுக்கும்!

அடுத்து சோலார். 2018 நவம்பரில் கஜா புயல் அடிச்சப்ப எங்க பகுதியில் பல நாள் கரண்டு வரலை. புது பேட்டரி இருந்தும் முதல் ராத்திரியே இறங்கிப் போச்சு. திரும்ப ஏற்றக் கரண்டு எங்கே? அதுக்கப்புறம்தான் 300 வாட்ஸ் சோலார் பேனல் வச்சேன். நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்குது. ராத்திரி செலவானதை மறுநாள் வெயில் ஈடு கட்டிடும். பேனல் தெற்குப் பார்த்து இருக்கணும். ஒரு தென்னங்கீற்று நிழல் விழுந்தாலும் உற்பத்தி குறையும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கணும். 2024-இல் தொடங்கின மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனா அது மின்வாரியக் கம்பியோட சேர்ந்து ஓடுறது. கம்பியில் வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு, கரண்டு போனா அதுவும் தானா நின்னுடும். பேட்டரி சேர்த்து அமைச்சாத்தான் மின்வெட்டில் உதவும். பில் குறையணுமா, இருட்டில் வேலை நடக்கணுமா என்று முதலில் முடிவு செய்யுங்க.

கடைசியாப் பராமரிப்பு:

1. மாதம் ஒரு முறை பேட்டரி மூடியில் உள்ள மிதவையைப் பாருங்க. சிவப்புக்கு இறங்கினா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. குறிக்கு மேலே ஊத்தாதீங்க.
2. சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்க. பக்கத்தில் சாமி விளக்கு, அடுப்பு கூடாது.
3. உள்ளே இருப்பது ஆசிட். குழந்தைகள் கை படக் கூடாது.
4. வாரம் ஒரு முறை, காலையிலோ சாயங்காலமோ பேனலைத் தண்ணி விட்டுத் துடையுங்க.
5. மாதம் 250 ரூபாய் தனியாச் சேமியுங்க. நாலு வருஷத்தில் 12,000 ரூபாய். அடுத்த பேட்டரிக்குக் கடன் கேட்க வேண்டியிருக்காது. பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தா விலையில் கழிச்சுக்குவாங்க.

மனு கொடுத்த சகோதரிகள் வாட்ஸ் கணக்கை எழுதி மனுவோடு இணைக்கணும். அதைப் பார்த்த பிறகே கடன் வழங்கணும்னு தீர்மானம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடன் குழுப் பணம். அது நம்ம எல்லாருடைய வியர்வை.