கைப்பேசிக்கு ஒரு விரத வேளை

(ஆவூரில் ஊராட்சியினரும் உழவரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீரமாமுனிவர் தொண்டாற்றிய தொன்மையான கோயிலையுடைய இவ்வூரில் விரதத்தின் பெருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஈஸ்டர்த் திருநாளுக்கு முன் நாற்பது நாள் தவக்காலம் காப்போர் இங்கு உளர். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருப்போரும் ரமலான் நோன்பு நோற்போரும் நம் மாவட்டத்தில் எங்கும் உளர். உணவையே ஒரு வேளை தள்ளி வைக்கத் தெரிந்த நமக்கு, கைப்பேசியை ஒரு வேளை தள்ளி வைப்பது மட்டும் ஏன் அரிதாகிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கைப்பேசியைப் பழிக்க நாம் வரவில்லை. மானியமும் பயிர்க் காப்பீடும் சந்தை விலையும் ‘உழவன்’ செயலி வழியே நம் கைக்கு வருகின்றன. கடல் கடந்து உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் காண்பதும் அக்கருவியிலேதான். நாம் கவலையுறுவது முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் குறும்படங்கள், வாட்ஸ்அப்பில் வந்து குவியும் ஊர்பேர் தெரியாச் செய்திகள் ஆகியவற்றைக் குறித்தே.

மூத்தோர் சிலருக்கு ஊராட்சி வானொலி நினைவிருக்கலாம். மாலையில் பெட்டியைத் திறப்பர். ஊரார் கூடிக் கேட்பர். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டி அடங்கும். திருச்சி வானொலியின் உழவர் நிகழ்ச்சிகளைக் கேட்டு 1960-களில் தஞ்சைத் தரணியில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவிற்று. ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. கேட்டதை மறுநாள் வயலில் செய்து பார்க்க அவ்வுழவர்களுக்குப் பொழுது இருந்தது. இன்றைய கருவிக்கோ அடங்கும் நேரம் என்பதே இல்லை. தள்ளத் தள்ள முடிவின்றிப் புதியன வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை 2006-இல் வகுத்த அமெரிக்க வடிவமைப்பாளர் அசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். ஆகவே விட முடியாமை நம் மனத்தின் குறை மட்டுமன்று. விடாதிருக்கும்படியே அது செய்யப்பட்டுள்ளது. நாமும் இதற்கு விலக்கல்லோம். மழைச் செய்தி பார்க்க எடுத்த கைப்பேசியை நள்ளிரவில் கீழே வைத்துவிட்டு, மழைச் செய்தியைப் பார்க்க மறந்ததை விடிந்தபின் உணர்ந்தது உண்டு.

சில நாள் விலகியிருந்தால் பயன் உண்டா? 2018-இல் அமெரிக்கப் பொருளியலார் நால்வர், முகநூலை நான்கு வாரம் நிறுத்தி வைக்க இசைந்தவர்களை ஆராய்ந்து, முடிவை 2020-இல் வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது. உறவினரோடும் நண்பரோடும் அளவளாவும் பொழுது மிகுந்தது. நாட்டு நடப்புச் செய்தியறிவு சற்றுக் குறைந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. சிறிதளவு என்று அவர்கள் அடக்கிச் சொன்னதனாலேயே அதை நாம் நம்பத் துணிகிறோம்.

எனினும் ஊருக்கு நேரும் தீங்கு ஒருவரது மன அமைதியோடு நிற்பதில்லை. 2018 மே மாதத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிப் போளூர்ப் பக்கம் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் உலவிய பொய்யை நம்பியிருந்த மக்கள் அவரை அடித்தே கொன்றனர். மறு ஆண்டு ஏப்ரலில் நம் மாவட்டத்துப் பொன்னமராவதியில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்திய ஒலிப்பதிவு ஒன்று கைகைக்கு மாறிற்று, கலவரம் மூண்டது, 144 தடை உத்தரவு வரலாயிற்று. அடுத்த தெருவில் வாழ்பவரை நேரிற் கண்டு பேசும் வழக்கம் அற்றுப்போன ஊரில், எவரோ அனுப்பிய குரலே உண்மையாகிவிடுகிறது. கோபம் ஆறுவதற்கு ஒரு நாழிகைப் பொழுதேனும் வேண்டும். அப்பொழுதைத்தான் இக்கருவி தர மறுக்கிறது.

இதற்கு ஓர் ஊராட்சி கண்ட வழியைக் கேளுங்கள். மகாராட்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றோர் உழவர் கிராமம் உளது. மக்கள் ஏறக்குறைய 3,000. கொரோனாக் காலத்தில் பாடத்திற்காகப் பிள்ளைகள் கையில் ஏறிய கைப்பேசி, பள்ளி திறந்தபின்பும் இறங்கவில்லை. 2022 ஆகஸ்டு 14 அன்று ஊராட்சியினர் பெண்களைக் கூட்டிக் கலந்து, ஒரு சங்கு வாங்க முடிவு செய்தனர். மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதும், கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணையும், 8.30-க்கு மறுபடி ஊதும். அந்த ஒன்றரை மணி நேரம் படிப்பிற்கும் பேச்சிற்கும் உரியது. தொடக்கத்தில் ஆண்கள் நகைத்தனராம்! அங்கன்வாடி ஊழியரும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் வீடுவீடாகச் சென்று எடுத்துரைத்தே இது நடைபெற்றது.

ஒருவர் மட்டும் விலகினால் ஊர்ச் செய்தியினின்றும் அவர் விலக்கப்பட்டவராகிறார். ஊரே ஒரே வேளையில் விலகினால் எவருக்கும் இழப்பில்லை. இச்சங்கின் நுட்பம் இதுவே. மணியோசை கேட்டதும் கைவேலையை நிறுத்திச் செபம் சொல்லும் மரபு ஆவூர் அறியாததன்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 2019-இல் குஜராத்தின் பனாஸ்கந்தா மாவட்டத்தில் ஒரு சமூகத்தார், மணமாகாப் பெண்கள் கைப்பேசி வைத்திருத்தலாகாது என்று தீர்மானித்தனர். அது ஓய்வன்று, அடக்குமுறை. விரதம் என்றால் தந்தைக்கும் மகனுக்கும் சேர்த்தே விரதம். அபராதமும் வேண்டா. நோயாளிக்கான அழைப்பிற்கும், கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் உழவருக்கும் தடை இருத்தலாகாது. அழைப்பு வரட்டும், இணையம் மட்டும் ஓயட்டும்.

ஆகஸ்டு 15 கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைக்கலாம். முதலில் ஒரு மாதம் நடத்திப் பார்ப்போம். மணி எப்போது ஒலிக்க வேண்டும், அதனை யார் ஒலிக்க வேண்டும் என்பதைத் தாய்மார்களே முதலிற் சொல்லட்டும்.