வாடாத செடியில் வாடல் நோய்



மட்டாஞ்சேரிக்கு வரும் கொச்சிச் சுக்கை நிறத்தாலும் மணத்தாலும் மதிப்பிடுவர். காய்ந்த பண்டத்துக்கு அம்முறை பொருந்தும். ஆனால் நடவுக்குரிய இஞ்சிக்கும் அலங்காரச் செடிகளின் தண்டுத் துண்டுகளுக்கும் கண் பார்வை மட்டும் போதாது. பாக்டீரியா வாடல் நோய்க் கிருமி எவ்வித அடையாளமும் காட்டாமல் அவற்றினுள் உறைந்திருக்கக்கூடும்.

அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் 1896இல் விவரித்த இக்கிருமியை, 2014இல் அறிஞர்கள் மூன்று இனங்களாகப் பிரித்தனர். கேரளத்தில் இஞ்சியை அழிப்பது 'ரால்ஸ்டோனியா சூடோசொலனேசியாரம்' என்னும் இனமாகும். ஆந்தூரியம், ரோஜா போன்றவையும் இதற்கு இலக்காகின்றன. வேர்வழி நுழையும் கிருமி, நீர் செல்லும் குழாய்களில் பெருகி அவற்றை அடைக்கிறது. சூழல் குளிர்ந்திருப்பின் செடி பசுமையாகவே நிற்கும். வெப்பமும் ஈரமும் மிகும்போது திடீரென வாடும்.

2003இல் கென்யாவிலிருந்தும் 2020இல் குவாத்தமாலாவிலிருந்தும் அமெரிக்கா சென்ற ஜெரேனியம் செடிகளுடன், உருளைக்கிழங்கையும் தாக்கும் உடன்பிறந்த இனமொன்று கடல் கடந்தது.

வாடிய தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால் பால் போன்ற இழை வழிவது எளிய சோதனை. எனினும் கிருமி மிகுந்த நிலையில்தான் அது பயன்படும். மறைந்த தொற்றை அறியத் தனி ஊடகத்தில் வளர்த்தல், எலைசா, பி.சி.ஆர். ஆகிய சோதனைகள் வேண்டும். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் ஆய்வுகள் நடத்தியுள்ளது.

எத்தனை செடிகளைச் சோதிப்பது என்பதும் முக்கியம். நூற்றுக்கு ஒரு செடியில் தொற்று இருப்பதாகக் கொள்வோம். பத்துச் செடிகளை மட்டும் சோதித்தால் அது தப்பிவிடும் வாய்ப்பு 90 சதவீதம். 300 செடிகளைச் சோதித்தால் அகப்படும் வாய்ப்பு 95 சதவீதம்.

இச்செலவைச் சிறு விவசாயி தாங்க இயலாது. ஆனால் சோதனையின்றி வாங்கிய விதைக்கிழங்கால் ஒரு பருவத்தின் விளைச்சலை மட்டுமன்று, நிலத்தின் நலத்தையும் அவர் இழக்கிறார். மண்ணில் குடியேறிய கிருமி எளிதில் அகலாது. ஆகவே சோதனை தொடங்க வேண்டிய இடம் அவர் வயலன்று. விதைக்கிழங்கும் நாற்றும் புறப்படும் இடமே.