மூச்சுப் பயிற்சியும் தனி டம்ளரும்

நாமக்கல் பக்கம் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான்.

போன மாதம் எங்களுக்கு மன அழுத்தம் குறைக்கும் பயிலரங்கு நடத்தினார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். விட்டோம். “எது உங்களைத் தூங்க விடுவதில்லை?” என்று கேட்டார் வந்தவர். நல்ல மனிதர்தான். “மே மாதச் சம்பளம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. எங்களுக்கு 25,000, அதுவும் 11 மாதம்தான்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சேர்ந்த வாரமே ஓய்வறையில் ஒருவர், “ஊருக்குள்ளயா, காலனியா?” என்றார். மறுநாள் முதல் என் டம்ளர் தனியாக இருந்தது. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. புகாரில் எதை எழுதுவது? எழுதினாலும் அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பு அவர்கள் கையில். மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிகளும் மாணவருக்கானவை, ஊழியருக்கு அல்ல.

2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழக முதுகலை வரலாற்றுத் தேர்வில் தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு, நான்கு பெயர்களையும் கொடுத்திருந்தார்கள். மாணவர்களுக்கு நேர்ந்த அவமானத்தைப் பேசினோம், சரி. அந்தத் தாளைக் கட்டுப் பிரித்துக் கொடுத்த ஊழியரை நான்கூட நினைக்கவில்லை.

அடுத்த பயிலரங்கில் டம்ளரைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்னும் இரண்டு பேர் கூட எழுந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.