முறையீடும் நம்பிக்கையும்: புலம்பல் நூலை முன்வைத்து

1. சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவர்கள் 'நம்பிக்கை' என்ற ஒரு சொல்லை இரு பொருளில் ஆள்கிறார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் மூன்று நற்பண்புகளை எண்ணி முடிகிறது. சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு அவற்றை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறது. ஆக, ஒரு சபையாரின் நம்பிக்கை மற்றொரு சபையாருக்கு எதிர்நோக்கு. இச்சொற்பொழிவில் 'நம்பிக்கை' என்பது இனி வருவதைக் காத்திருக்கும் மனநிலையையே குறிக்கும்; இறைவன்மீது வைக்கும் பற்றுக்கு 'விசுவாசம்' என்ற சொல் ஆளப்படும்.

பொருள் அவையோருக்குப் புதிதன்று. துன்பத்தில் இருப்பவருக்குக் கிறித்தவ விசுவாசம் எவ்வகை நம்பிக்கையைத் தருகிறது என்ற கேள்வி இறையியல் கல்லூரிகளிலும் தமிழ்த் துறைகளிலும் பல ஆண்டுகளாக வாதிக்கப்படுகிறது. வாதம் முடியாமல் இழுபடுவதற்கு இரு தரப்பும் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்வது காரணம் என்று காட்டுவதே இங்கு நோக்கம்.

2. இரு தரப்பு, ஒரு பிழை

முதல் தரப்பார் சபைக்குள் இருப்பவர்கள். உண்மையான நம்பிக்கை கண்ணீரைக் கடந்தது, ஓயாமல் அழுவது விசுவாசக் குறைவு என்பது இவர்கள் நிலை. துக்க வீட்டில் ஜெபம் முடிந்ததும் "அழாதீங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லப்படும் தேறுதல் இந்த நிலையின் எளிய வடிவம்.

இரண்டாம் தரப்பார் திறனாய்வாளர்கள். மறுமையைக் காட்டி இம்மைத் துயரை மழுங்கடிக்கும் மருந்தே கிறித்தவ நம்பிக்கை என்பதும், பசிக்கும் போருக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியை அது எழவிடுவதில்லை என்பதும் இவர்கள் குற்றச்சாட்டு.

ஒருவர் புகழ்வதையே மற்றவர் பழிக்கிறார். ஆனால் நம்பிக்கை பிறந்தால் புலம்பல் நின்றுவிடும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. இந்த முற்கோளைச் சோதிக்கப் பொருத்தமான நூல் விவிலியத்திலேயே இருக்கிறது. இரு தரப்பாரும் அதிலிருந்து சில வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

3. புலம்பல் நூல்

3.1 நூலின் அமைப்பு

ஏறக்குறைய கி.மு. 587இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைப் பிடித்து ஆலயத்தை எரித்தது. அந்த அழிவைப் பாடும் ஐந்து செய்யுள்களின் தொகுப்பே புலம்பல். எபிரேய மூலத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. எரேமியாவின் பெயரைக் கிரேக்க மொழிபெயர்ப்பின் முன்குறிப்பு சேர்த்தது. எபிரேயர் இந்நூலை அதன் முதற்சொல்லாகிய 'ஏகா' என்பதால் அழைக்கிறார்கள். 'ஐயோ, எப்படி!' என்ற அங்கலாய்ப்பு அது. முதலாம், இரண்டாம், நான்காம் செய்யுள்கள் அச்சொல்லோடுதான் தொடங்குகின்றன.

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். முதல் செய்யுளின் 22 பாக்களும் அந்த எழுத்துகளை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டவை. இரண்டாம், நான்காம் செய்யுள்களும் அப்படியே. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனம் வீதம் 66. ஐந்தாவதிலும் 22 வசனங்களே. ஆனால் அங்கே எழுத்து வரிசை இல்லை. மொத்தம் 154 வசனங்கள். தமிழில் இதற்கு ஓர் ஒப்புமை தேவையானால், ஆத்திசூடி வரிசையில் ஒருவர் ஒப்பாரி பாடுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் வரிசை, குழந்தைகள் மடிந்த ஊரின் துயரத்தைத் தாங்கும் சட்டகமாகிறது.

எழுத்து வரிசை மனப்பாடத்துக்கான உத்தி மட்டுமே என்பார் உண்டு. அப்படியானால் ஐந்தாம் செய்யுளில் அதைக் கைவிட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டும். முதலிரு செய்யுள்களில் ஒரு பாவுக்கு மூன்று அடி, நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் ஒன்று. மூச்சு படிப்படியாகக் குறுகுகிறது, கடைசியில் வரிசையும் கலைகிறது. அடியின் அமைப்பும் இதற்கு இசைவானது. முன்பாதி மூன்று அசையழுத்தமும் பின்பாதி இரண்டுமாகத் தளர்ந்து விழும் அடிகளே இந்நூலில் மிகுதி. இதனைக் கார்ல் புட்டே 1882இல் இனங்கண்டு 'கீனா' யாப்பு என்றார். கீனா என்றால் எபிரேயத்தில் இரங்கற்பா. அழுபவரின் குரல் முதலில் எழுந்து பின் உடைவதை அடியே செய்து காட்டுகிறது.

3.2 புலம்பும் தனிமையும்

'புலம்பல்' என்ற தமிழ்ப் பெயர் வெறும் மொழிபெயர்ப்பாக நின்றுவிடவில்லை. தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்ற சொல்லுக்குத் தனிமை என்று பொருள் தருகிறது. வாய்விட்டு அரற்றுதல் என்பது அதனோடு வளர்ந்த பொருள். எபிரேய நூலின் முதல் காட்சியோ மக்கள் நிறைந்திருந்த நகரம் கைம்பெண்போலத் தன்னந்தனியே உட்கார்ந்திருப்பது. பெயரிட்டவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் இந்த முதல் வசனத்தில் ஒன்றாகக் கூடுகின்றன.

அந்தத் தனிமையே முதல் செய்யுளின் பல்லவி. தேற்றுவார் இல்லை என்ற கருத்து 2, 9, 16, 17, 21 ஆகிய வசனங்களில் ஐந்து முறை திரும்புகிறது. செய்யுளின் முற்பாதியில் ஒரு பார்வையாளர் நகரத்தைப் பற்றிப் படர்க்கையில் பேசுகிறார். நகரம் இடையிடையே குறுக்கிட்டு, 12ஆம் வசனத்திலிருந்து தானே பேசத் தொடங்குகிறது. ஒப்பாரியில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க, இழந்தவள் பாட்டைத் தன் வாயில் வாங்கிக்கொள்வதை ஒத்த முறை இது. இரண்டாம் செய்யுளில் பார்வையாளரும் நிலைகுலைகிறார். தெருவில் மயங்கி விழும் குழந்தைகளைக் கண்டு அவரே அழுகிறார். நகரத்திடம் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை, இரவும் பகலும் ஓயாமல் அழு என்கிறார். "அழாதீங்க" என்ற தேறுதலுக்கு இந்நூலில் இடமே இல்லை.

3.3 மூன்றாம் செய்யுள்

இங்கே நகரம் மறைந்து தனி மனிதன் ஒருவன் பேசுகிறான். இரு தரப்பாருடனான கருத்து வேறுபாடு முழுவதும் இந்தச் செய்யுளைப் பற்றியதுதான். 22, 23ஆம் வசனங்கள் கடவுளின் இரக்கம் முடிவுறாதது, அது நாள்தோறும் காலையில் புதிதாகிறது என்று சொல்கின்றன. 1923இல் தாமஸ் சிஸ்ஹோம் எழுதிப் பல மொழிகளில் பரவிய ஆங்கிலப் பாமாலை ஒன்றுக்கு ஊற்று இவையே. வாக்குத்தத்த அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் இவற்றைப் பார்க்கலாம். நம்பிக்கை அழிந்தது என்று சொல்லும் 18ஆம் வசனத்தை எந்த நாட்காட்டியிலும் காண்பது அரிது.

ஆனால் 18 இல்லாமல் 21 இல்லை. 18ஆம் வசனத்தில் அழிந்துபோனதாகச் சொல்லப்படும் நம்பிக்கைக்கும், 21, 24ஆம் வசனங்களில் மீண்டும் கொள்ளப்படும் நம்பிக்கைக்கும் எபிரேயத்தில் வேர்ச்சொல் ஒன்றே. இழந்த அதே பொருள்தான் திரும்பக் கிடைக்கிறது. இடையில் உள்ள 19, 20ஆம் வசனங்கள் கசப்பையும் அலைச்சலையும் நினைவுகூர்கின்றன. துயரத்தை மறந்ததால் வந்த நம்பிக்கையாக அதைக் காட்டவில்லை. துயரத்தை நினைத்துக்கொண்டிருந்த அதே நெஞ்சில், அந்த நினைப்பின் தொடர்ச்சியாகவே அது எழுகிறது.

அடுத்து, அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பதும் கவனிக்கத்தக்கது. 29ஆம் வசனம் மண்ணில் முகம் புதைத்தவனுக்கு நம்பிக்கை உண்டு என்று அடித்துச் சொல்வதில்லை. 'ஒருவேளை' என்ற சொல்லை முன்னிட்டே சொல்கிறது. ஆறுதல் தொனி ஓங்கி நிற்பது 21 முதல் 33 வரை 13 வசனங்களில். 42ஆம் வசனத்தில் பேச்சு மீண்டும் திரும்பிவிடுகிறது: மன்னிக்கவில்லை என்று கடவுளின் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டப்படுகிறது. ஜெபம் நுழையாதபடி அவர் மேகத்தால் தம்மை மூடிக்கொண்டார் என்கிறது 44ஆம் வசனம். நம்பிக்கையைச் சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது.

முதல் தரப்பார் 13 வசனங்களைச் சிகரம் என்று கொண்டு, மற்றவற்றை அதில் ஏறும் படிகளாகக் காண்கிறார்கள். கிளவுஸ் வெஸ்டர்மன் 1990இல் வெளியிட்ட உரையில், மூன்றாம் அதிகாரத்துக்கு இப்படி முதன்மை தந்து புலம்பலின் தகுதியைக் குறைத்த ஆய்வு மரபை விரிவாகவே மறுத்திருக்கிறார். இரண்டாம் தரப்பாரோ அதே 13 வசனங்களை வாயடைக்கும் ஆறுதலாகக் காண்கிறார்கள். வாயடைத்திருந்தால் 42ஆம் வசனம் பிறந்திருக்காது. கடவுள் இரக்கமுள்ளவர் என்று முதலில் நிறுவியதால்தான் அவர் இரங்கவில்லை என்பது குற்றச்சாட்டாகிறது. இரக்கமற்ற ஒருவர்மீது அந்த வழக்கைத் தொடுக்க முடியாது.

'வழக்கு' என்பது இங்கு உவமை மட்டுமன்று. 58, 59ஆம் வசனங்கள் நீதிமன்றச் சொற்களிலேயே பேசுகின்றன: வழக்கை நடத்தினீர், இனித் தீர்ப்பும் செய்யும் என்பது அவற்றின் சாரம். இதற்குத் தமிழில் சரியான சொல் 'முறையீடு'. முறை என்பது நீதி. அந்த நீதி எங்கோ இருக்கிறது என்று கொள்பவரே முறையிடுகிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் அழுகை துன்பமாலையில் தொடங்கி, ஊர்சூழ்வரியில் தெருவுக்கு வந்து, வழக்குரை காதையில் அரசவையை அடைகிறது. கோவலன் மீண்டு வரமாட்டான் என்று தெரிந்தும் அவள் அவைக்குப் போகிறாள். அரசன் முறை செய்யக் கடமைப்பட்டவன் என்பதை அவள் அழுகையே முன்னிட்டுக் கொள்கிறது. புலம்பல் நூலின் நம்பிக்கையும் இவ்வகையினதே. நல்லது நடக்கும் என்ற கணிப்பு அதில் முதன்மை பெறவில்லை. கேட்கக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்கிறார் என்ற பிடிவாதமே முதன்மை பெறுகிறது.

3.4 பதில் வராத முடிவு

நூல் முழுவதிலும் கடவுள் நேரே பேசுவதில்லை. முன்பொரு நாள் அவர் அஞ்சவேண்டாம் என்று சொன்னதை 3:57 நினைவுகூர்வது மட்டுமே உண்டு. நான்காம் செய்யுள் பசியின் கொடுமைக்குத் திரும்புகிறது. ஐந்தாம் செய்யுள் ஊராரின் கூட்டு மனுபோல் அமைகிறது: பரம்பரை நிலம் அந்நியர் கையில், சொந்தத் தண்ணீரைக் காசு கொடுத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது, விறகுக்கும் விலை. இறுதிக்கு முந்தைய வசனம் எங்களைத் திருப்பிக்கொள்ளும் என்று கேட்கிறது. இறுதி வசனமோ முற்றாகத் தள்ளிவிட்டீரோ என்ற அச்சத்தில் முடிந்துவிடுகிறது.

ஆப் மாதம் 9ஆம் நாள் யூதர்கள் தொழுகைக் கூடத்தில் தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமர்ந்து இந்நூலை வாசிக்கிறார்கள். கடைசி வசனம் முடிந்தபின் அதற்கு முந்தையதை மறுபடி சொல்லியே நிறுத்துவது வழக்கம். நூலின் முடிவை அவர்கள் திருத்தவில்லை. மனுவை இன்னொரு முறை தாக்கல் செய்கிறார்கள்.

4. சிலுவையில் சங்கீதம்

கிறித்தவ விசுவாசத்தின் நடுவிலும் ஒரு முறையீடு உண்டு. மாற்கு 15:34இலும் மத்தேயு 27:46இலும் சிலுவையில் இயேசு கதறுவது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். கிரேக்கத்தில் எழுதிய நற்செய்தியாளர்கள் அந்தக் கதறலை அவர் பேசிய மொழியின் ஒலியிலேயே விட்டுவைத்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்புகளும் அப்படியே காக்கின்றன. கைவிட்டவரையும் 'என் தேவனே' என்று உரிமையோடு விளிக்கும் கதறல் அது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீட்டு வகை. பெரும்பாலானவை நன்றியில் முடிகின்றன. 88ஆம் சங்கீதம் இருளில் முடிகிறது. தொகுத்தவர்கள் அதையும் நீக்கவில்லை. ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் நம்பிக்கையைப் பற்றிப் பேசும் இடத்திலேயே படைப்பு, விசுவாசிகள், ஆவியானவர் ஆகிய மூவரின் பெருமூச்சையும் வைக்கிறார்.

உயிர்த்தெழுதல் இந்த முறையீட்டுக்குக் கிடைத்த பதில் என்பது கிறித்தவ விசுவாசம். பதில் வந்தபின்னும் நற்செய்தி நூல்கள் கதறலை அழிக்கவில்லை என்பதே இங்குக் குறிக்க வேண்டியது.

5. பிற்கால மரபு

மேற்கத்தியத் திருச்சபையின் பெரிய வார இருள் வழிபாட்டில் புலம்பல் பாடப்பட்டது. ஒவ்வொரு வசனத்துக்கும் முன் அதற்குரிய எபிரேய எழுத்தின் பெயரையும் இலத்தீன் பாடகர்கள் இசைத்தார்கள். முக்கோணத் தாங்கியிலுள்ள 15 மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படும். கடைசி ஒன்றை மட்டும் அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைத்துவைத்து, இருட்டில் ஆரவாரம் எழுப்பியபின் திரும்பக் கொண்டுவருவார்கள். 3:29இன் 'ஒருவேளை'க்கு இதைவிட நல்ல உரை எழுதப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு ஒரு சான்று போதும். யூர்கன் மோல்ட்மன் 1943 ஜூலையில் ஹாம்பர்க் குண்டுவீச்சில் அருகில் நின்ற நண்பனை இழந்தார். பின்னர் போர்க்கைதியாக ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது கிடைத்த விவிலியத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியவை 39ஆம் சங்கீதமும் மாற்குவின் கதறலும். அவர் எழுதிய 'நம்பிக்கையின் இறையியல்' 1964இலும், 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' 1972இலும் வெளிவந்தன. நம்பிக்கையின் இறையியலாளர் என்று உலகம் அறிந்தவர் புலம்பலிலிருந்தே தொடங்கினார்.

6. இனிச் செய்ய வேண்டியவை

தமிழ்ச் சூழலுக்குரிய பணிகளை இங்குச் சுட்ட மட்டுமே இயலும். இலங்கையில் 18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி மரபோடு ஒப்பிட வேண்டும். கீர்த்தனை நூல்களில் முறையீட்டுப் பாடல்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். புலம்பல் 5:22ஐத் தமிழ் மொழிபெயர்ப்புகள் ஒவ்வொன்றும் எப்படி முடித்தன என்பது ஒரு தனிக் கட்டுரைக்குரியது. மாண்டவருக்கு இரங்கும் கையறுநிலைத் துறையோடு ஒப்பீடும் தேவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் கடற்கரை ஊர்களில் பாடப்பட்ட ஒப்பாரிகளை, பாடியவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இதுவே மிக அவசரமானது.

அதுவரை, வாக்குத்தத்த அட்டை அச்சிடும் சபைகள் 3:22க்குப் பக்கத்தில் 3:18ஐயும் சேர்த்து அச்சிடுமானால், துக்க வீட்டில் இருப்பவருக்கு அது பேருதவியாக இருக்கும்.