எந்த மீனோடு எந்த மீன் சேரும்?
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் நிலுவை எல்லாம் பேசியாச்சு. இப்போது வண்ண மீன் பற்றிப் பேசுவோம். குழுக் கடன் வாங்கி, தொட்டியும் மீனும் சேர்த்து விற்கலாம் என்று சில குழுக்கள் யோசிக்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாங்கிப் போனவர் வீட்டில் நாலே நாளில் மீன் செத்து மிதந்தால், அவர் மறுபடி நம்மிடம் வரமாட்டார். தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும்.

முதலில் தண்ணி. சேலம், நாமக்கல் பக்கம் நிறைய ஊர்களில் போர் தண்ணி கடினத் தண்ணி. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தத் தண்ணி ஒத்துப்போகிற மீன்களும் இருக்கு. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால். நாலும் முட்டையிடாமல் குட்டி போடுகிற இனம், நாலும் சாது, ஒரே தொட்டியில் சேர்ந்து இருக்கும். நம்ம ஊருக்கு இவைதான் முதல் தேர்வு என்பது எங்கள் கருத்து. நியான் டெட்ரா, டிஸ்கஸ் பார்க்க அழகு. ஆனால் அவை அமேசான் பகுதியின் மென்தண்ணியில் பிறந்த இனம். கடைக்காரர் எவ்வளவு ஆசை காட்டினாலும் ஆரம்பத்தில் வேண்டாம். காவிரிக் குடிநீர் பிடிக்கிறவர்கள், குளோரின் போக அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள்.

அடுத்து மீனின் குணம். ஆண் கப்பிக்கு வால் விசிறி மாதிரி இருக்கும். டைகர் பார்ப் கூட விட்டால் அந்த வாலைக் கடித்துக் குதறிவிடும். டைகர் பார்ப் வேண்டுமென்றால் ஆறேழாகத் தனியே வையுங்கள், தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். சண்டை மீனில் இரண்டு ஆண் ஒரே தொட்டியில் ஆகவே ஆகாது. கப்பியின் வாலைப் பார்த்தும் எதிராளி என்று பாயும். ஏஞ்சல் குஞ்சாக இருக்கும்போது பரவாயில்லை, வளர்ந்தபின் வாயில் அடங்குகிற எதையும் விழுங்கும். ஆஸ்கர் ஒரு அடி வளரும், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எல்லோரும் கேட்பது தங்க மீன். அது கழிவு அதிகம் போடும், குளிர்ந்த தண்ணியை விரும்பும். நம்ம சித்திரை வெயிலில் மற்ற மீனோடு சேர்த்தால் தொட்டியே கெடும். தனித் தொட்டி, அதுவும் பெரியதாக.

“தொட்டியைச் சுத்தம் பண்ணுற மீன் போடலாமா?” என்று ஒரு சகோதரி கேட்டார். அந்த சக்கர் மீன் ஒரு அடிக்கு மேலும் வளரும். இடம் போதவில்லை என்று யாரோ கொண்டுபோய் விட்டதுதான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. எந்த மீனையும் ஏரியிலோ காவிரியிலோ விடாதீர்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் சுமார் 55 லிட்டர் பிடிக்கும். எடையும் 55 கிலோ ஆச்சு, ஸ்டாண்டு கெட்டியாக இருக்கட்டும். இதில் சின்ன மீன் 10, 12 போதும். கப்பியில் ஒரு ஆணுக்கு இரண்டு, மூன்று பெண். புதுத் தொட்டியில் ஒரே நாளில் அத்தனையும் விடாதீர்கள். கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் வளரச் சில வாரம் ஆகும். அதுவரை மூன்று, நான்கு மீன் போதும், தீனியும் கொஞ்சமாகப் போடுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணி மாற்றினால் சரி. மொத்தத்தையும் கொட்டிக் கழுவினால் அந்த நுண்ணுயிரும் போய்விடும்.

மீன் வாங்கக் கொளத்தூர் போகலாம் என்கிறார்கள். நம்ம மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் இல்லை, சென்னைக் கொளத்தூர். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். கொண்டு வந்ததும் பையோடு கால் மணி நேரம் தண்ணியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்துப் பிறகு விடுங்கள். முடிந்தால் இரண்டு வாரம் தனி டிரம்மில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.