படலையடியில் நிற்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

முதியோரை வஞ்சகரிடமிருந்து காத்தல் பற்றிச் சில வார்த்தை கூறுமாறு நாம் பணிக்கப்பட்டோம். இது பொலிசாரின் வேலையன்றோ, சங்கத்துக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். எமது அயலில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் அவ்வெண்ணம் அகன்றுவிடும்.

பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து வாழ, தனியே இருந்தார் ஆச்சி ஒருவர். ஒரு நாட் பகலில், நன்றாக உடுத்த இருவர் படலையைத் தட்டினர். மகன் வெளிநாட்டிலிருந்து பொதி அனுப்பியிருப்பதாகவும் அதனை விடுவிக்கப் பணம் கட்டவேண்டுமென்றும் கூறினர். மகனின் பெயரையும் சொன்னார்கள். ஆச்சி அவர்களை விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுத்தார். கையிற் காசு போதாமையால் இரண்டு காப்புகளையும் கழற்றிக் கொடுத்தார். பொதியும் வரவில்லை, போனவர்களும் வரவில்லை.

மூன்று மாதம் இதனை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "பிள்ளையள் அறிஞ்சால் எனக்குப் புத்தி கெட்டுப்போச்செண்டு ஏசுவினம்" என்றார். முன்பின் தெரியாதவர்களை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று நாம் கேட்டோம். "நாலு நாளாய் ஒருத்தரும் இந்தப் படலை திறக்கேல்லைத் தம்பிமார். அவங்கள்தான் சாப்பிட்டீங்களோ அம்மா எண்டு கேட்டுக்கொண்டு வந்தவங்கள்" என்றார். அந்த நாலு நாளும் நாம் அவ்வழியே சைக்கிளில் போய்வந்தவர்கள். வாயடைத்து நின்றோம்.

வஞ்சகரின் வேடம் பலவாயினும் வழி ஒன்றே. முதலில் நம்பிக்கை, அடுத்து அவசரம், அதன்பின் இரகசியம். மின்மானி பார்ப்பவராய் வருவர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைத்தொலைபேசிக்கு வந்த ஓ.ரீ.பி. இலக்கத்தைக் கேட்பர். அதிர்ஷ்டலாபச் சீட்டு விழுந்ததென்பர். ஆள் சேர்த்தாற் பணம் பெருகும் என்பர். "இப்பொழுதே செய்யுங்கள், ஒருவருக்கும் சொல்லாதீர்கள்" என்று எவர் கூறினும் அச்சொல்லே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரியோர்களே! வந்தவரைப் படலைக்கு வெளியே நிறுத்தி அடையாள அட்டையைக் கேளுங்கள். அவர் தரும் இலக்கத்துக்கன்றி, உங்கள் மின் பட்டியலில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். மெய்யான உத்தியோகத்தர் இதற்குக் கோபிக்கமாட்டார். ஓ.ரீ.பி. இலக்கத்தை எவருக்கும் சொல்லவேண்டாம். ஏமாந்துவிட்டால் நாணமும் வேண்டாம். உடனே வங்கிக்கு அறிவியுங்கள், பொலிசாரை 119இல் அழையுங்கள். இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று கூலி கேட்டு வருபவன் இரண்டாம் கள்வன்.

நாட்டிற் சட்டம் இல்லாமலில்லை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களைத் தடுக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் கணினிவழிக் குற்றங்களைத் தண்டிக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்கிறது. ஆயின் சட்டம் படலையடியில் வந்து காவல் நிற்பதில்லை.

இளைஞர்களே! அங்கே நிற்கவேண்டியவர்கள் நாமே. ஒவ்வொருவரும் இரண்டு வீடுகளைப் பொறுப்பேற்போம். வாரத்தில் இரு முறையாவது படலை திறந்து சுகம் விசாரிப்போம். வேண்டிய தொலைபேசி இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். வங்கிக்குத் துணை போவோம். ஆனால் அவர்களுடைய வங்கிப் புத்தகத்தையோ இரகசிய இலக்கத்தையோ நாம் வாங்கி வைத்திருத்தலாகாது. அறிந்தவராலேயே ஏமாற்றப்பட்ட முதியோரும் உளர். ஏமாந்தவரைக் கண்டால், ஏன் கொடுத்தீர்கள் என்று கேளாமல், என்ன செய்யலாம் என்று கேட்போம்.

"சாப்பிட்டீங்களோ அம்மா" என்று கள்வன் கேட்குமுன் நாம் கேட்டிருந்தால், அந்த ஆச்சியின் காப்புகள் இன்றும் அவர் கையில் இருந்திருக்கும்.